வீடு கட்டப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுப் பாடம்



இந்த வருஷத்தில் மட்டும் நாலு பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் வீட்டு பிளான் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், இரண்டு பேர் சொந்தக்காரப் பிள்ளைகள். "சார், இது நல்லாருக்கா?", "மாமா, வாஸ்துப்படி சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். நான் இன்ஜினியரும் இல்லை, வாஸ்து பார்ப்பவனும் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் வரலாறு நடத்தியவன். அந்த முறையில்தான் ஒன்று சொல்ல முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதற்குப் பதிலாக எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

ஒரு வீட்டின் தரைப் படம் கையில் கிடைத்தால் அந்தக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தனிக் கதவு, யாருக்கு ஜன்னல், யார் முன்வாசல் வழியாக வந்தார்கள், யார் பின்வாசலில் நின்றார்கள் என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கும். பட்டயத்திலும் கல்வெட்டிலும் எழுதாத பல விஷயங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. உங்கள் பிளானையும் அப்படிப் படிக்கப் பழகுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் மொகஞ்சதாரோ. ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். வாசல் பெரிய தெருவைப் பார்த்து இருக்காது, பக்கத்துச் சந்தில் இருக்கும். செங்கல் எல்லாம் ஒரே விகிதம், 1:2:4. பல வீடுகளில் குளிப்பதற்கென்று செங்கல் பாவிய தளம். அந்தத் தண்ணீர் வீட்டை விட்டு வெளியேறித் தெருச் சாக்கடையில் சேர வழி. அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 4,500 வருஷத்துக்கு முன்னால் அந்த மக்கள் வீடு கட்டும்போது தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் அனுப்பிய நாலு பிளானில் மூன்றில் செப்டிக் டேங்க் எங்கே என்றே குறிக்கவில்லை.

நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக்கு வருவோம். செங்கல் கட்டுமானங்களும், உறைகிணறுகளும், கூரை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை அந்தக் குடியிருப்பைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தை இன்னும் பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். உள்ளே இருக்கும் பொருள்களோடு கட்டடத்தையும் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டு முறையில் முற்றமும் தூணும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள்.

சங்க இலக்கியத்தில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு உண்டு. நக்கீரர் பாடியது. கட்டடக் கலை நூல் தெரிந்தவர்கள் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தி அதில் வருகிறது. இன்றைக்கும் கொத்தனார் முளைக்குச்சி அடித்து நூல் பிடிக்கிறாரே, அதற்கு முந்தைய தலைமுறைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். காகிதத்தில் பிளான் போடும் வழக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, தரையிலேயே பிளான் போடும் வழக்கம் நமக்கு இருந்திருக்கிறது. இதைக் கடைசியில் மறுபடியும் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் வந்தவை சிற்ப நூல்கள். தென்னாட்டில் பெயர் பெற்றது மயமதம். திசை, காற்று, மண்ணின் தன்மை, தூணின் அளவு என்று விரிவாகப் பேசும் நூல். ஆனால் அதே நூல், மண்ணின் நிறத்தையும் சுவையையும் மனையின் அளவையும் வருணத்துக்கு ஒன்றாகப் பிரித்தும் வைக்கிறது. இன்னாருக்கு வெள்ளை மண், இன்னாருக்குக் கறுப்பு மண் என்று. வாஸ்து கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். கிழக்கு வெயில் நல்லது, காற்றுக்கு எதிரெதிராக ஜன்னல் வை என்பதெல்லாம் அனுபவ அறிவு, எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக எல்லாமே சாசுவதம் ஆகிவிடாது. அந்தந்தக் காலத்துச் சமூகம் தன் கணக்கையும் அதில் சேர்த்தே எழுதியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்குக் காற்று வரும் அறையை "அந்த மூலை ஆகாது" என்று ஒருவர் சொன்னதற்காக மாற்றாதீர்கள்.

அடுத்து, ஊர்த் தெருக்களுக்கு வருகிறேன். அக்கிரகாரத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்புறம் குறுகி, நீளவாக்கில் பின்தெரு வரை ஓடும் மனை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அடுக்களை, பின்கட்டு, கிணறு, கொல்லை. வெயிலுக்கு நல்ல ஏற்பாடு. இரண்டு பக்கச் சுவரும் பொதுவாக இருப்பதால் வெயில் அடிக்கும் சுவர் குறைவு. முற்றத்துச் சூடான காற்று மேலே போக, தெருவிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வரும். மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற மச்சு. மரக் குறுக்குவிட்டத்தின்மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டத்தில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு பதிப்பார்கள். மின்விசிறி இல்லாமலே மத்தியானம் தூங்கலாம்.

இதையெல்லாம் இன்று பலர் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். திண்ணை போச்சே, முற்றம் போச்சே என்று. எனக்கும் திண்ணை பிடிக்கும். ஆனால் வரலாறு படித்தவன் கொல்லைக் கதவையும் பார்க்க வேண்டும். திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததா? இன்னார் தெரு முனையோடு நிற்க வேண்டும் என்று இருந்தது. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்களுக்குக் கொல்லைப்புற அறையோ, தாழ்வாரத்து மூலையோதான். இன்னொன்றும் உண்டு. பல பழைய தெருக்களின் பின்னால் ஆள் ஒருவர் நடக்கும் அளவுக்கு ஒரு சந்து ஓடும். எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருகிறவர் முன்வாசல் பக்கம் தலைகாட்டாமல் வந்து போவதற்கான வழி அது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்காமலே அவரிடம் வேலை வாங்குவதற்கு ஒரு பிளான் போட்டிருக்கிறார்கள். எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது, பிறகு 2013இல் இன்னும் கடுமையான சட்டம். அதற்குப் பல காலம் முன்பே மொகஞ்சதாரோக்காரன் வடிகால் போட்டுவிட்டான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இப்போது நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் பாடம், செட்டிநாடு. பள்ளியிலிருந்து உங்களைக் கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போனபோது நீங்கள் தூண்களை எண்ணிக்கொண்டு இருந்தீர்கள். நான் உள்ளே இருக்கும் சின்ன அறைகளை எண்ணச் சொன்னேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நகரத்தார் வீடுகளில் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசை. முகப்பு வாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய கண்ணாடி போன்ற சுவர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் 'புள்ளி' என்ற சொல். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு உரியவை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கல்யாணம் ஆன பிள்ளைக்குத் தனிச் சமையல், தனிக் கணக்கு. சடங்கு, விசேஷம் என்றால் வளவு எல்லோருக்கும் பொது. ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போய்விடுவார்கள், மாமியாரும் மருமகள்களும் வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். சண்டை வராமல் இருக்க என்ன வழி என்று யோசித்துத்தான் அந்த அறைகளையும் அடுப்புகளையும் பிரித்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். வாழ்க்கை முறையை முதலில் முடிவு செய்து, அதற்கு வீடு கட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் அதே செட்டிநாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. 1962க்குப் பிறகு அங்கு வந்த ராணுவ ஆட்சி தொழில்களை நாட்டுடைமை ஆக்கியது. வருமானம் வந்த வழி அடைபட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். இன்று பல வீடுகளுக்குப் பங்காளிகள் ஐம்பது பேர், அறுபது பேர். குடியிருக்க ஒருவரும் இல்லை. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கதவு திறக்கிறது. நூறு பேருக்குப் போட்ட பிளானில் ஒரு காவல்காரர் படுத்திருக்கிறார். அவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, உலகப் போர் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் நமக்கு ஒன்று தெரிகிறது. பிள்ளைகள் எல்லாம் கூடவே இருப்பார்கள் என்று நம்பி மாடியில் மூன்று அறை போடுகிறவர்கள், கானாடுகாத்தான் வழியாக ஒருமுறை போய்விட்டு வந்து போடலாம்.

பெரிய வீடுகளைப் பற்றியே பேசிக்கொண்டு இருந்தால் வரலாறு பாதிதான். நம் மக்களில் பெரும்பாலோர் இருந்தது ஒற்றை அறை மண்சுவர்க் கூரை வீட்டில். மழை இல்லாத நாளில் சமையல் வாசலில், தூக்கமும் வாசலில். அவர்களுக்கு பிளான் போட்டது யாரும் இல்லை.

அரசாங்கம் வீட்டு பிளான் போட ஆரம்பித்த பிறகுதான் இது மாறத் தொடங்கியது. 1961இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம், 1970இல் குடிசை மாற்று வாரியம். வீட்டு வசதி வாரியத்தின் பிரிவுகளைக் கவனியுங்கள். குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய். மயமதத்தில் மனையை வருணம் பிரித்தது. இங்கே சம்பளம் பிரிக்கிறது. முழுச் சமத்துவம் இல்லைதான். ஆனால் சம்பளம் உயரலாம், பிறப்பு மாறாது. இது சின்ன மாற்றம் இல்லை.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது 1998இல் நம் பக்கத்து மதுரை மாவட்டத்தில், திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறந்த முதல் சமத்துவபுரம். நூறு வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாம் கலந்து, பக்கத்துப் பக்கத்தில். அந்தத் திட்டத்தின் வெற்றி தோல்வி பற்றி ஆயிரம் விவாதம் செய்யலாம். எந்தச் சாதிக்காரருக்கும் ஒரே பிளான் என்று நூறு வீட்டை ஒரே ஊரில் கட்டியது, நம் வீட்டு வரலாற்றில் ஒரு புதுப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குறைந்தபட்ச அளவு என்ற எண்ணமும் இந்தக் காலத்தில் வந்ததுதான். 1970இல் முதன்முதலில் வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் வசிக்கும் அறை இதற்குக் குறையக் கூடாது என்று வரம்பு வைத்தது. இன்றைய தொகுப்பில் அது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி. அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. சமையலறை 5 சதுர மீட்டர். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் அளவை 20 சதுர மீட்டரிலிருந்து 25 ஆக உயர்த்தியபோது, சுகாதாரமாகச் சமைப்பதற்கான இடமும் அதில் சேர வேண்டும் என்று எழுதினார்கள். சமைக்கும் பெண்ணுக்கு இடம் என்பது அரசாணைக்குள் வந்துவிட்டது.

சமையலறையைப் பற்றிச் சொல்லும்போது ஜெர்மனியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு பிராங்பர்ட் நகராட்சி தொழிலாளர்களுக்கு ஏராளமாக வீடு கட்டியது. 1926இல் அந்த வீடுகளுக்குச் சமையலறை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். சமைக்கிறவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே குனிகிறார், எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்து, சுமார் 1.9க்கு 3.4 மீட்டரில் ஒரு சமையலறை செய்தார். அப்படி 10,000 வரை கட்டினார்கள். இன்று நீங்கள் 'மாடுலர் கிச்சன்' என்று லட்சக்கணக்கில் செலவழிப்பதற்கு மூத்த பாட்டி அதுதான். அதிலும் ஒரு குறை பிறகு பேசப்பட்டது. ஒருவர் மட்டும் நிற்கும் அளவு என்பதால், சமைக்கும் பெண் வீட்டிலிருந்து தனியாகப் பிரிந்து போனாள். வேலை குறைந்தது, பேச்சுத்துணை போனது. ஆக, எந்த நல்ல பிளானிலும் யாரையாவது விட்டுவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துக் கேரளத்தில் லாரி பேக்கர் இதைச் செய்து காட்டினார். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் 2007இல் காலமானவர். செங்கலைக் குத்துக்கல்லாக வைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டும் முறையில் செங்கல் செலவை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஒருவருக்குப் போட்ட பிளானை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது, அந்த மனையில் மரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வரைவார்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். நம் காலத்துப் பிளானை நூறு வருஷம் கழித்து ஒரு வரலாற்று மாணவன் படித்தால் என்ன எழுதுவான்? நீங்கள் அனுப்பியதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், யாருடையது என்று சொல்லவில்லை. மனை 1,200 சதுர அடி, அதாவது அரை மனை. காருக்கு 10க்கு 18, மொத்தம் 180 சதுர அடி. "அப்பா அம்மா ரூம்" என்று எழுதியிருப்பது 10க்கு 9, மொத்தம் 90. அதற்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இரண்டரை அடி தூரத்தில். "இந்தக் காலத்தில் பெற்றோரைவிட வாகனத்துக்கு இரு மடங்கு இடம் தரப்பட்டது" என்றுதானே அவன் எழுதுவான்?

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் பெரியக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, நாலு பேருக்காவது உபயோகப்படட்டும்" என்றான்.

ஒன்பது வருஷம் முன்னால் அவன் டூப்ளெக்ஸ் வீடு கட்டினான். படத்தில் பார்த்த எலிவேஷன் பிடித்துப்போய் அதற்கு ஏற்ற பிளான். கீழே பெரிய ஹால், கிச்சன், பூஜை அறை, போர்டிகோ. மூன்று பெட்ரூமும் மாடியில். அக்காவுக்கு அப்போது 68 வயசு, மாடி ஏறுவாள். நாலாவது வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவளை மாடிக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஹாலில் கட்டில் போட்டார்கள். கீழே இருந்த பாத்ரூம் கதவு 2½ அடி. நிலைச்சட்டம் போக உள்ளே 2 அடி 2 அங்குலம்கூட இல்லை. சக்கர நாற்காலி நுழையவில்லை. ஹாலில் ஒரு திரைச்சீலை கட்டி, அதற்குள்தான் எல்லாம். வீட்டுக்கு யார் வந்தாலும் நேராக அவள் கட்டிலுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரவு பகல் பார்க்காமல் செய்தார்கள். பதினான்கு மாதம் அப்படி இருந்தாள்.

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "தம்பி, இவ்வளவு பெரிய வீட்ல எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இல்லடா."

மொகஞ்சதாரோவிலிருந்து கதை சொல்லி வந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். செலவு கூடுதலாக ஆகியிருக்காது. போர்டிகோவில் கொஞ்சம் குறைத்து, கீழே ஒரு அறை, 3 அடிக் கதவோடு ஒரு பாத்ரூம் என்று காகிதத்தில் இரண்டு கோட்டை நகர்த்தியிருந்தால் போதும். இன்ஜினியரும் கேட்கவில்லை, யாருக்கும் தோன்றவும் இல்லை.

இன்னொன்று. 2024 ஜூலையிலிருந்து நம் மாநிலத்தில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், முதல் மாடி வரை என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. அலைச்சல் இல்லை. ஆனால் முன்பு அனுமதிக்குக் காத்திருந்த நாள்களில் மனசு மாறி பிளானைத் திருத்தியவர்கள் உண்டு. இப்போது அந்த அவகாசத்தை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்த பிளான் என்றால் விதிக்கு உட்பட்ட பிளான் என்று அர்த்தம். உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பிளான் என்று அர்த்தம் இல்லை.

எனவே, கையெழுத்துப் போடும் முன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு ஒரு நோட்டில் பதில் எழுதுங்கள். கணவன், மனைவி, பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

1. குடிபோகும் அன்று யார் எங்கே தூங்குவார்கள்? பத்து வருஷம் கழித்து? இருபது வருஷம் கழித்து? மூன்றுக்கும் பெயர் போட்டு எழுதுங்கள்.

2. கீழ்த்தளத்தில் கதவு சாத்திக்கொள்ள முடிகிற ஒரு அறை, ஒட்டிய பாத்ரூம் இருக்கிறதா? பாத்ரூம் கதவு 3 அடி இருக்கட்டும். வாசற்படி எத்தனை அடி உயரம்? சாய்தளம் வேண்டுமென்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 2 அடி மேடை போட்டால் 24 அடி. அதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா?

3. சமையலறையில் அதிக நேரம் நிற்கப்போவது யார்? மேடை உயரம் அவர் உயரத்துக்கா, கடைக்காரர் சொன்ன அளவுக்கா? அங்கிருந்து வீட்டில் மற்றவர்கள் பேசுவது கேட்குமா? இன்னொருவர் பக்கத்தில் நின்று காய் நறுக்க இடம் உண்டா?

4. மேற்குச் சுவரில் என்ன வருகிறது? நம் ஊர் சித்திரை வெயில் சாயங்காலம் மேற்குச் சுவரைச் சுடவைத்தால் ராத்திரி முழுக்க அது சூட்டைக் கக்கும். மாடிப்படி, ஸ்டோர், குளியலறை போன்றவற்றை அந்தப் பக்கம் தள்ள முடியுமா பாருங்கள்.

5. படிக்கும் பெண் பிள்ளைக்குக் கதவும், மேசையும், வெளிச்சமும் உள்ள இடம் எது? "ஹாலில் படிச்சுக்குவா" என்று எழுதினால் அந்தப் பதிலை அடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

6. வீட்டு வேலைக்கு வரும் அம்மா எந்தக் கழிப்பறைக்குப் போவார்? எங்கே உட்கார்ந்து காபி குடிப்பார்? பின்சந்தை மூடிவிட்டோம் என்று பெருமைப்படும் நாம் இதற்கு நேர்மையாகப் பதில் எழுத வேண்டும்.

7. மழைநீர் எங்கே இறங்குகிறது? செப்டிக் டேங்க்குக்கும் போர்வெல்லுக்கும் எவ்வளவு தூரம்? கழிவுநீர் லாரிக் குழாய் டேங்க்வரை எட்டுமா? துணி எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது?

8. கடன் எவ்வளவு, எத்தனை வருஷம்? மாடி இப்போதே வேண்டுமா? அஸ்திவாரத்தை மாடிக்கும் சேர்த்துப் பலமாகப் போட்டுவிட்டு, தேவை வரும்போது கட்டலாமே.

பதில் எழுதி முடித்த பிறகு இன்ஜினியரிடம் போங்கள். படம் காட்டி "இது மாதிரி வேணும்" என்று சொல்வதைவிட இந்த நோட்டைக் கொடுப்பது அவருக்கும் சுலபம். நல்ல இன்ஜினியர் சந்தோஷப்படுவார்.

பிளான் வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நெடுநல்வாடைக் காலத்திலிருந்து வரும் வேலைதான். மனையில் சுண்ணாம்புத் தூளால் அறைகளை அசல் அளவில் கோடு போட்டு வரையச் சொல்லுங்கள். கதவுக்கு இடைவெளி விடுங்கள். கட்டில், பீரோ, மேசை அளவுக்குச் சாக்கை விரியுங்கள். அப்புறம் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் அரை மணி நேரம் நடங்கள். அம்மா கட்டிலிலிருந்து பாத்ரூம் எத்தனை எட்டு? கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா? திரையில் அழகாகத் தெரிந்தது தரையில் நின்றால் வேறு மாதிரி இருக்கும். அன்றைக்குக் கோட்டை அழித்துப் போட ஒரு கூடை சுண்ணாம்புதான் செலவு. சுவர் எழும்பிய பிறகு இடிப்பதற்கு ஆகும் செலவை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக உங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ரிட்டையர் ஆகிவிட்டேன் என்று விட்டுவிடுவேன் என நினைத்தீர்களா? நீங்கள் சின்ன வயசில் இருந்த பாட்டி வீட்டை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் வரையுங்கள். யார் எங்கே தூங்கினார்கள், யார் எங்கே சாப்பிட்டார்கள், யார் எந்த வாசலோடு நின்றார்கள் என்று எழுதுங்கள். போட்டோ எடுத்துக் கீழே கமென்டில் போடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள், பிறகு கேட்க ஆள் இருக்காது. கோடு நேராக வரவில்லை என்று மார்க் குறைக்க மாட்டேன்.

கட்டப்போகும் வீடுகள் எல்லாம் நல்லபடியாக முடிந்து, கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வரட்டும். முட்டி வலி இருந்தாலும் வந்துவிடுவேன். ஆனால் வந்ததும் முதலில் கீழே இருக்கும் பாத்ரூம் கதவைத்தான் டேப் வைத்து அளப்பேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்